ஸ்பாய்லர் (தானுந்து)

ஸ்பாய்லர் என்பது தானுந்தின் மேல் பாயும் காற்றோட்டத்தைத் திசைதிருப்பவும், அதனால் ஏற்படும் தீய விளைவுகளைக் குறைக்கவும் வண்டியின் உடற்பகுதியில் பொருத்தப்படும் ஒரு காற்றியக்கவியல் உறுப்பு ஆகும். இது பெரும்பாலும் டிக்கி எனப்படும் பின்புறச் சாமான் அறையின் மூடி மீதும், கூரையின் பின்விளிம்பிலும், முன்புற பம்பரின் அடியிலும் காணப்படும். வேகமாகச் செல்லும் வண்டியைச் சாலையிலிருந்து மேலே தூக்க முயலும் விசையைக் குறைப்பதே இதன் முதன்மைப் பணி. தூக்கு விசை குறையும்போது டயர்களின் பிடிமானம் குறையாமல் காக்கப்படுகிறது. பந்தயத் தானுந்துகளிலும் அதிவேகத் தானுந்துகளிலும் இது இன்றியமையாத உறுப்பாகும். சாதாரணக் குடும்பத் தானுந்துகளில் இது பெரும்பாலும் அழகுக்காகவே பொருத்தப்படுகிறது. நகர வேகத்தில் இதனால் கையாளும் தன்மையில் உணரத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படுவதில்லை.

பெயர்

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குக் "கெடுப்பது" அல்லது "குலைப்பது" என்பது பொருள். வானூர்தி இறக்கைகளின் மேற்புறத்தில் உள்ள தட்டுகளுக்கும் இதே பெயர் உண்டு. வானூர்தி தரையிறங்கியவுடன் இத்தட்டுகள் எழும்பி நின்று, இறக்கையின் மேல் சீராகப் பாயும் காற்றைக் குலைத்துத் தூக்கு விசையை அழிக்கின்றன. வானூர்தியின் முழு எடையும் சக்கரங்கள் மீது இறங்குவதால் தடை நன்கு பிடிக்கிறது. தானுந்தில் உள்ள ஸ்பாய்லரும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

ஸ்பாய்லரும் இறக்கையும்

பேச்சு வழக்கில் தானுந்தின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாமே ஸ்பாய்லர் என அழைக்கப்படுகின்றன. எனினும் பொறியியலில் இரண்டு வேறுபட்ட உறுப்புகள் உள்ளன.

ஸ்பாய்லர் வண்டியின் உடலோடு ஒட்டியிருக்கும். காற்று இதன் மேற்புறத்தில் மட்டுமே பாயும். இது தானாகப் பெரிய விசை எதையும் உண்டாக்குவதில்லை. வண்டியின் உடல் மீது பாயும் காற்றின் போக்கை மாற்றி, அங்குள்ள அழுத்தத்தை மாற்றுகிறது.

இறக்கை தாங்கு தண்டுகளின் மீது உயர்த்திப் பொருத்தப்பட்டிருக்கும். காற்று இதன் மேலும் கீழும் பாயும். இதன் வடிவம் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்ட வானூர்தி இறக்கையை ஒத்தது. வானூர்தி இறக்கை மேல்நோக்கித் தூக்குவதைப் போல, இது வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. இவ்விசை கீழ்நோக்கு விசை எனப்படும்.

சுருங்கக் கூறின், ஸ்பாய்லர் தூக்கு விசையைக் குறைக்கிறது. இறக்கை கீழ்நோக்கு விசையை உருவாக்குகிறது.

இயற்பியல் அடிப்படை

தூக்கு விசை

ஒரு சராசரித் தானுந்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால், அதன் அடிப்பகுதி தட்டையாகவும் மேற்பகுதி வளைந்தும் இருக்கும். இது ஏறத்தாழ வானூர்தி இறக்கையின் குறுக்குவெட்டை ஒத்த வடிவம். வளைந்த மேற்பரப்பின் மீது காற்று விரைந்து பாய்வதால் அங்கு அழுத்தம் குறைகிறது. அடியில் அழுத்தம் ஒப்பீட்டளவில் கூடுதலாக இருப்பதால் வண்டி மேல்நோக்கித் தூக்கப்படுகிறது.

இவ்விசை காற்றின் அடர்த்தி, வண்டியின் முகப்புப் பரப்பு, வடிவத்தைப் பொறுத்த குணகம், வேகத்தின் இருபடி ஆகியவற்றின் பெருக்கத் தொகையின் பாதிக்குச் சமம். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டரும் தூக்குக் குணகம் 0.3 உம் கொண்ட ஒரு தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனும்போது தூக்கு விசை பின்வருமாறு அமையும்:

- மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 100 நியூட்டன் (10 கிலோகிராம் எடைக்குச் சமம்)
- மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 400 நியூட்டன் (41 கிலோகிராம்)
- மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 1,110 நியூட்டன் (113 கிலோகிராம்)
- மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 1,600 நியூட்டன் (163 கிலோகிராம்)

நகர வேகத்தில் இது ஒரு பள்ளிச் சிறுவனின் புத்தகப் பை அளவே. மணிக்கு 200 கி.மீ.ஐத் தாண்டும்போதோ, இரண்டு பயணிகளின் எடைக்கு நிகரான சுமை சக்கரங்களில் இருந்து நீங்கிவிடுகிறது.

டயரின் பிடிமானம்

வண்டி திரும்புவதும் நிற்பதும் முடுக்கம் பெறுவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வினால்தான். டயர் மீது அழுத்தும் சுமை கூடினால் இவ்வுராய்வு கூடும். சாமான்களை ஏற்றியும் சுமையைக் கூட்டலாம். ஆனால், அப்போது வண்டியின் நிறையும் கூடுவதால் அதனைத் திருப்பவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படும். ஆதலால் பயன் ஏதும் கிட்டாது. காற்றினால் கிடைக்கும் கீழ்நோக்கு விசையோ நிறையைக் கூட்டாமல் சுமையை மட்டும் கூட்டுகிறது. பந்தயத் தானுந்துகள் வளைவுகளை மிகுந்த வேகத்தில் கடப்பதன் காரணம் இதுவே. பார்முலா 1 தானுந்து ஒன்று அதிவேகத்தில் தன் எடையைவிடக் கூடுதலான கீழ்நோக்கு விசையைப் பெறுகிறது.

காற்றுத்தடை

காற்று வண்டியின் பின்புறத்தை விட்டுப் பிரியும் இடத்தில் சுழல்கள் நிறைந்த குறையழுத்தப் பகுதி ஒன்று உண்டாகிறது. இது வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. தானுந்து எதிர்கொள்ளும் காற்றுத்தடையின் பெரும்பகுதி இவ்வாறே தோன்றுகிறது. காற்றுத்தடையும் வேகத்தின் இருபடிக்கு ஏற்பவே கூடும். அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். தடைக் குணகம் 0.30 உம் முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டரும் கொண்ட தானுந்து ஒன்றுக்கு, காற்றை மட்டும் வெல்ல மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 8.5 கிலோவாட் தேவை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 68 கிலோவாட் தேவை.

ஸ்பாய்லர் காற்றுத்தடையைக் கூட்டுமா குறைக்குமா என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. காற்று ஒழுங்காகப் பிரியும் வகையில் கூரையின் முடிவில் அமைந்த சிறிய, கூர்மையான விளிம்பு தடையைக் குறைக்கக்கூடும். உயர்ந்த, செங்குத்தான ஸ்பாய்லரும் பெரிய இறக்கையும் தடையைக் கூட்டும். கீழ்நோக்கு விசையை விலையின்றிப் பெற இயலாது. அதற்கான விலை காற்றுத்தடையே.

வகைகள்

- முன் ஸ்பாய்லர்: முன்புற பம்பரின் அடியில் சாலையை நோக்கி இறங்கும் தட்டு. கரடுமுரடான அடிப்பகுதிக்குள் புகும் காற்றின் அளவைக் குறைக்கிறது. இதனால் முன் அச்சின் தூக்கு விசையும், பல வேளைகளில் காற்றுத்தடையும் குறைகின்றன.
- டிக்கி ஸ்பாய்லர்: பின்புற மூடியின் விளிம்பில் எழும்பி நிற்கும் உதடு போன்ற அமைப்பு. இதன் முன்னுள்ள மேற்பரப்பில் காற்றின் வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது.
- கூரை ஸ்பாய்லர்: பின்புறம் செங்குத்தாக வெட்டப்பட்ட சிறிய தானுந்துகளில் கூரையின் நீட்சியாக அமைவது. காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதை இது நிர்ணயிக்கிறது.
- இறக்கை: மேலே விளக்கப்பட்டது.
- நகரும் ஸ்பாய்லர்: குறைந்த வேகத்தில் உடலோடு மடிந்திருந்து, குறிப்பிட்ட வேகத்தில் தானாக எழும்புவது. 1988 இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கொராடோவும், 1989 இல் வெளிவந்த 964 தலைமுறை போர்ஷே 911 உம் இதற்கு முற்கால எடுத்துக்காட்டுகள். பிந்தையதில் மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் இது எழும்பும்.
- காற்றுத் தடுப்பான்: தடை பிடிக்கும்போது செங்குத்தாக எழும்பி வேகத்தைக் குறைக்க உதவுவது. 1955 லே மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் தானுந்துகள் இத்தகைய பெரிய தட்டைக் கொண்டிருந்தன. 2005 இல் வெளிவந்த புகாட்டி வேரோனின் பின்னிறக்கை அதிவேகத்தில் இப்பணியையும் செய்கிறது.
- சரக்குந்துக் கூரைத் தட்டு: ஓட்டுநர் அறைக் கூரையின் மேல் சாய்வாக அமைவது. சரக்குப் பெட்டியின் செங்குத்தான முகப்பில் காற்று மோதாமல் மேலே செலுத்துகிறது. இதன் நோக்கம் பிடிமானம் அன்று, எரிபொருள் சிக்கனமே.

வரலாறு

1928 ஆம் ஆண்டு மே 23 அன்று, ஜெர்மனியின் ஆவுஸ் தடத்தில் ஃபிரிட்ஸ் ஃபொன் ஓப்பல் ஓட்டிய ராக் 2 என்ற ஏவூர்தித் தானுந்து மணிக்கு 230 கி.மீ.ஐக் கடந்தது. வண்டி தரையை விட்டு எழும்பாமல் இருக்க அதன் இருபுறமும் தலைகீழ் இறக்கைகள் பொருத்தப்பட்டிருந்தன. 1956 இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மிக்கேல் மே தமது போர்ஷே 550 தானுந்தின் மேல் பெரிய இறக்கை ஒன்றைப் பொருத்தி நூர்பர்க்ரிங் தடத்துக்குக் கொண்டுவந்தார். பந்தய அமைப்பாளர்கள் அதற்கு அனுமதி அளிக்கவில்லை. அக்கருத்து மீண்டும் தலைதூக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1961 இல் ஃபெராரி 246 எஸ்பி பந்தயத் தானுந்தின் பின்விளிம்பில் ஸ்பாய்லர் பொருத்தப்பட்டது.

1966 இல் அமெரிக்கரான ஜிம் ஹால் உருவாக்கிய சாப்பரல் 2இ, பின்சக்கரங்களின் மீது உயரமான தண்டுகளில் நின்ற இறக்கையுடன் களமிறங்கியது. நேர்ப்பாதையில் ஓட்டுநர் இடது காலால் மிதியை அழுத்தி இறக்கையைத் தட்டையாக்கித் தடையைக் குறைக்கலாம். வளைவில் காலை எடுத்தால் இறக்கை சாய்ந்து வண்டியை அழுத்தும். 1968 இல் பெல்ஜிய கிராண்ட் பிரீயில் ஃபெராரி, பிரபாம் அணிகள் இறக்கைகளுடன் வந்தன.

அடுத்த ஆண்டே இதன் ஆபத்தும் வெளிப்பட்டது. 1969 இல் பார்சிலோனாவின் மோன்யுயிக் தடத்தில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரீயில், கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகியோர் ஓட்டிய இரண்டு லோட்டஸ் தானுந்துகளின் உயர்ந்த இறக்கைகள் ஒரே இடத்தில் முறிந்தன. கீழ்நோக்கு விசை ஒரு நொடியில் மறைந்ததால் இரு வண்டிகளும் தடுப்புகளில் மோதின. ரிண்ட் காயமடைந்தார். அதனைத் தொடர்ந்து நடந்த மொனாக்கோ பந்தயத்தின்போது உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன. பின்னர் அளவும் உயரமும் வரையறுக்கப்பட்ட, உறுதியாகப் பொருத்தப்பட்ட இறக்கைகளே அனுமதிக்கப்பட்டன.

அமெரிக்க நாஸ்கார் பந்தயங்களுக்காக 1969 இல் டாட்ஜ் சார்ஜர் டேடோனாவும் 1970 இல் பிளிமத் சூப்பர்பேர்டும் மிக உயரமான பின்னிறக்கையுடனும் கூரிய மூக்குடனும் வெளிவந்தன. 1970 மார்ச் 24 அன்று தல்லடேகா தடத்தில் டேடோனா ஒன்று மணிக்கு 200 மைல் (322 கி.மீ.) வேகத்தைக் கடந்தது. சாலைத் தானுந்துகளில் பரவலாக அறியப்பட்டது போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 ஆகும். 1972 இல் அறிமுகமான இதன் பின்புற ஸ்பாய்லர் வாத்தின் வாலைப் போல இருந்ததால் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. எந்திரம் பின்புறத்தில் அமைந்த அவ்வண்டியில் பின் அச்சின் தூக்கு விசை பெரும் சிக்கலாக இருந்தது. வாத்துவால் அதனைக் கணிசமாகக் குறைத்தது.

கையாளும் தன்மையில் விளைவு

சமநிலை

வண்டியின் நடத்தையை மொத்தப் பிடிமானத்தைவிட முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அது பங்கிடப்படும் விதமே தீர்மானிக்கிறது. வளைவில் முன் டயர்கள் முதலில் வழுக்கினால், வண்டி திரும்ப மறுத்து வளைவின் வெளிப்புறம் செல்லும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். பின் டயர்கள் முதலில் வழுக்கினால், வண்டியின் பின்புறம் வீசப்பட்டு வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதிவேகத்தில் பயிற்சியற்ற ஓட்டுநரால் இதனை மீட்பது மிகக் கடினம். ஆகவேதான் சாலைத் தானுந்து வடிவமைப்பாளர்கள் பின் அச்சின் தூக்கு விசையைக் குறைப்பதில் கூடுதல் கவனம் செலுத்துகின்றனர்.

பின்னிறக்கை மட்டும் பொருத்தினால் இச்சமநிலை மறுபுறம் சாயும். இறக்கை பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோலைப் போல இயங்குகிறது. அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் தொலைவு கொண்ட தானுந்தில், பின் அச்சுக்கு 0.75 மீட்டர் பின்னால் 400 நியூட்டன் விசை கீழ்நோக்கி அழுத்தினால், பின் அச்சு பெறும் கூடுதல் சுமை 520 நியூட்டன். முன் அச்சு இழக்கும் சுமை 120 நியூட்டன். முன்சக்கர இயக்கம் கொண்ட தானுந்துகளில் திருப்புவதும் உந்துவதும் முன் டயர்களே. ஆதலால் பெரிய பின்னிறக்கை அங்கு உதவுவதற்குப் பதிலாக முன்புறப் பிடிமானத்தைக் குறைக்கக்கூடும்.

முன்புறத் தூக்கு விசையைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு 1999 லே மான்ஸ் பந்தயம் எடுத்துக்காட்டாகும். அங்கு மெர்சிடிஸ் சிஎல்ஆர் தானுந்துகள் பயிற்சி ஓட்டங்களில் இருமுறையும், பந்தயத்தில் ஒருமுறையும் மூக்கு மேலெழும்பிக் காற்றில் பறந்து கவிழ்ந்தன. ஓட்டுநர்கள் உயிர் தப்பினர். அந்நிறுவனம் எஞ்சிய வண்டியைப் பந்தயத்தில் இருந்து விலக்கிக்கொண்டது.

ஔடி டிடி

சாலைத் தானுந்து ஒன்றில் ஸ்பாய்லரின் தேவை உயிர்ப் பிரச்சினையாக மாறிய நிகழ்வு ஔடி டிடியுடையது. 1998 இல் விற்பனைக்கு வந்த இதன் முதல் தலைமுறை, வழவழப்பான உருண்டை வடிவத்துக்காகப் பெரிதும் பாராட்டப்பட்டது. பின்புறத்தில் ஸ்பாய்லர் இல்லை. பொது வேக வரம்பு இல்லாத ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில், மணிக்கு 180 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் திடீரெனத் தடம் மாறியபோதும் வளைவுகளிலும் சில வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. உருண்டையான பின்புறத்தின் மீது காற்று வளைந்து இறங்கியதால், அதிவேகத்தில் பின் அச்சின் சுமை குறைந்ததே முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

1999 இன் இறுதியிலும் 2000 இன் தொடக்கத்திலும் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டு, டிக்கி மூடியின் விளிம்பில் சிறிய ஸ்பாய்லர் பொருத்தப்பட்டது. இத்துடன் தொங்கல் அமைப்பும் மாற்றப்பட்டு, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் வழங்கப்பட்டது. பெரிய இறக்கை தேவைப்படவில்லை என்பதும், ஸ்பாய்லர் மட்டுமே தீர்வாகக் கொள்ளப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை.

சாதாரணத் தானுந்துகளில் பயன்

கடைகளில் வாங்கிப் பொருத்தப்படும் இறக்கைகளின் பயனை எளிய கணக்கு ஒன்றால் மதிப்பிடலாம். 1.3 மீட்டர் நீளமும் 0.2 மீட்டர் அகலமும் கொண்ட இறக்கையின் பரப்பு 0.26 சதுர மீட்டர். அதன் குணகம் 0.8 எனக் கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் கீழ்நோக்கு விசை ஏறத்தாழ 35 நியூட்டன் (3.5 கிலோகிராம்), மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 96 நியூட்டன் (10 கிலோகிராம்). 1,100 கிலோகிராம் நிறையுள்ள தானுந்தில் இது மொத்தச் சுமையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இச்சுமை நான்கு டயர்களுக்கும் சமமாகக் கிடைத்ததாகக் கொண்டாலும், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடக்கக்கூடிய வளைவை 100.4 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்ற அளவுக்கே ஆதாயம் கிடைக்கும். டயர்களின் தரமும் காற்றழுத்தமும் இதனைவிடப் பன்மடங்கு வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

உண்மையில் இவ்வளவு பயன்கூடக் கிடைக்காமல் போகலாம். அதற்கான காரணங்கள்:

- கூரையில் இருந்து பிரிந்த குழம்பிய காற்றுக்குள் தாழ்வாக அமைந்த இறக்கை சரியாகச் செயற்படாது. பந்தய இறக்கைகள் உயரத்தில் நிற்பது குலையாத காற்றைப் பெறுவதற்காகவே.
- எளிய இறக்கை ஒன்றின் சாய்வு ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் காற்று அதன் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். அதன்பின் கீழ்நோக்கு விசை குறைந்து தடை மட்டும் கூடும்.
- மெல்லிய தகட்டால் ஆன டிக்கி மூடி, இறக்கையின் விசையைச் சட்டகத்துக்குக் கடத்தாமல் வளைந்துகொடுக்கும்.
- சரியாகப் பொருத்தப்படாத இறக்கை பின்பார்வையை மறைக்கும். ஓட்டத்தில் கழன்று பின்னால் வருவோருக்குத் தீங்கு விளைவிக்கும்.

தயாரிப்பாளரே பொருத்தும் சிறிய ஸ்பாய்லர்கள் இவற்றில் இருந்து வேறுபட்டவை. இவற்றுள் பல, குறிப்பிட்ட உடல் வடிவத்துக்கென்றே காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைக்கப்படுகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றுத்தடையைக் குறைத்து எரிபொருளைச் சேமிப்பதே இவற்றுள் பலவற்றின் நோக்கம். பின்புறத்தை நீண்ட வாலாக இழுக்காமல் வெட்டியது போல முடித்தாலும் தடை குறைவாக இருக்கும் என்பதை 1930களில் ஜெர்மானியப் பேராசிரியர் வூனிபால்ட் காம் ஆய்ந்து காட்டினார். இன்றைய சிக்கனத் தானுந்துகள் பலவற்றின் கூர்மையான பின்விளிம்புகள் இக்கருத்தின் வழிவந்தவையே.

பந்தய விதிகள்

2011 முதல் 2025 வரை பார்முலா 1 பந்தயங்களில், குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் பின்னிறக்கையின் மேலிதழைத் திறந்து காற்றுத்தடையைக் குறைக்க ஓட்டுநர்களுக்கு அனுமதி இருந்தது. 2026 விதிகளில் முன், பின் இறக்கைகள் இரண்டுமே நிலை மாறும் முறை இதற்குப் பதிலாக இடம்பெற்றது. நாஸ்கார் பந்தயங்களில் 2007 இல் ஸ்பாய்லருக்குப் பதிலாக இறக்கை கொண்டுவரப்பட்டது. 2010 இல் மீண்டும் ஸ்பாய்லரே பொருத்தப்பட்டது. அதே பந்தயங்களில் 1994 முதல் கூரையில் மடிந்திருக்கும் தட்டுகள் கட்டாயமாக்கப்பட்டன. வண்டி சுழன்று பின்புறமாகத் திரும்பும்போது இவை தாமாக எழும்பித் தூக்கு விசையைக் குலைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

- தானுந்து
- காற்றியக்கவியல்
- உராய்வு
- காற்றுச் சுரங்கம்
- பார்முலா 1